பூஜ்யத்தில் வைத்த கீபோர்டு

2025 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து படுக்கையை மடித்து வைத்தேன். பல் துலக்கிக் குளித்து, ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு நாட்குறிப்பில் தேதி போட்டேன். திருநெல்வேலியில் கடிகாரம் இந்த மணி காட்டும்போது பால்காரர் வந்து போயிருப்பார், வாசலில் வெளிச்சம் விழுந்திருக்கும். மலாய் நாட்டுத் தெப்ராவில் ஏழு மணி ஆகப்போகிறது, இருட்டு முழுதாக விலகவில்லை. எதிர்வீட்டு வேலியில் தேசிய தினத்துக்காகக் கட்டிய கொடிகள் ஈரத்தில் தொங்கின. தொழிற்சாலைப் பேருந்துகள் உள்விளக்கை எரியவிட்டபடி போயின. உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

“அண்ணே, பசியாறலாம் வாங்க” என்று தங்கை வசந்தா கூப்பிட்டாள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அவள் பேச்சு மாறிவிட்டது. ஊரில் நாங்கள் டிபன் சாப்பிடுகிறோம், இவர்கள் பசியாறுகிறார்கள். தெருமுனைக் கடையில் ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, ஆற்றி நுரைத்த தே தாரேக் என்ற தேநீர். நம் ஊர் பரோட்டாவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது ரொட்டி. முகம் அதேதான், குணம் கொஞ்சம் மென்மை.

நான் வந்தது சுற்றிப் பார்க்க அல்ல. வசந்தாவின் கணவர் குணசேகரன் பகலில் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், வார இறுதியில் பாடுகிறார். தென்முனை இசைக்குழு என்று பெயர். ஒரு காலத்தில் மேடையில் ஒன்பது பேர் நின்றார்கள். கல்யாண வீடுகள் டிஜே பக்கம் போனபின் மூன்று பேர் மிஞ்சினார்கள். பாடுவதற்கு மாப்பிள்ளை, ரிதம் பேட் தட்ட சேகர், கீபோர்டுக்கு ரவி. அந்த ரவி மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அடுத்தடுத்து மூன்று நிகழ்ச்சிகள் ஒப்புக்கொண்டாகிவிட்டது. “லீவு போட்டு வாங்கண்ணே. எங்க வீட்டைப் பாத்த மாதிரியும் இருக்கும்” என்று வசந்தா போனில் சொன்னாள். உள்ளூரில் ஒரு கீபோர்டுக்காரர்கூடவா கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். மாலைகளில் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன்.

சாயங்காலம் மாப்பிள்ளை ரவியின் கீபோர்டைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். ஒல்லியான ஆள், பெரிய சிரிப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். “ஐஸ் தண்ணி ஒத்துக்கல மச்சான். ரெண்டு வாரமா இப்படித்தான்” என்றார்.

“ஒரு தடவை பாடிப் பாத்துடலாமே?”

“ரிகர்சலா? இத்தனை வருஷம் பாடின பாட்டுக்கா? வாட்ஸப்ல லிஸ்ட் அனுப்பியிருக்கேன் பாருங்க, போதும்லா.” சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

கீபோர்டை இயக்கினேன். திரையின் மூலையில் மைனஸ் நான்கு என்று இருந்தது. டிரான்ஸ்போஸ் என்ற பொத்தானின் வேலை அது. ஒரு முறை அழுத்தினால் மொத்தக் கருவியும் அரைச் சுருதி இறங்கும். விரல்கள் பழகிய இடத்திலேயே வாசிக்கலாம், ஒலி மட்டும் தாழ்ந்து வரும். நான்கு என்பது பெரிய இறக்கம். வேறு யாருக்கோ வாசித்துவிட்டு மாற்ற மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆய்வகத்தில் என் முதல் விதி, பூஜ்யத்துக்குக் கொண்டுவராத தராசில் யாரும் எதையும் நிறுக்கக் கூடாது. பிறர் கருவி என்றால் இன்னும் கவனம் வேண்டும். நினைவகத்தில் ரவி சேமித்து வைத்திருந்தவை எல்லாவற்றையும் அழித்துக் கருவியைப் புதிதுபோல் ஆக்கினேன். வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பொத்தான்களை அழுத்தியதைப் பார்த்தாள், அடுத்த துணியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை அரைநாள் விடுப்பு எடுத்தார். மதியம் பத்து பாகாட் என்ற ஊருக்குக் கிளம்பினோம். ஒரு பெண்ணின் இருபத்தோராவது பிறந்தநாள் விருந்து. வேனின் பக்கக் கதவு சரியாக மூடாது, கயிற்றால் கட்டியிருந்தார்கள். முடிச்சைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. “அது மூணு வருஷ முடிச்சு அண்ணே, அவிழாது” என்றார் சேகர். ஆயர் ஹித்தாம் தாண்டியதும் அவிழ்ந்தது. கதவு ஓடித் திறந்து, மைக் ஸ்டாண்டு இருந்த பை சாலையில் விழுந்தது. பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறிப் போயிற்று.

ஓரமாக நிறுத்தினோம். ஒரு மலாய்க்காரப் பெரியவர் மோட்டார்சைக்கிளில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவர் சொன்னதை சேகர் மொழிபெயர்த்தார்: “பை நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே இருந்தவருக்குத்தான் கால் போய்விட்டது.” மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் முடிய நேரமானது.

சாலையோரக் கடையில் ஒத்தாக் ஒத்தாக் வாங்கினோம். மீன் விழுதை மசாலா சேர்த்து ஓலைக்குள் வைத்துத் தணலில் சுடுகிறார்கள். நான் நான்கு சாப்பிட்டேன். மாப்பிள்ளை ஒன்றைப் பிரித்து, ஒரு கடி கடித்து, விழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். மிச்சத்தைச் சேகரிடம் நீட்டினார். “காரம்” என்றார். எனக்கு அது காரமாகவே தெரியவில்லை.

மண்டபம் மாடியில். ஆளுயர அட்டைச் சாவி ஒன்றை வெள்ளித்தாள் ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். இருபத்தொன்று ஆனால் வீட்டுச் சாவி கைக்கு வரும் என்று கணக்காம். எங்கள் ஊரில் இருபத்தொன்று ஆன பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சுதான் வரும். பிரியாணிக்குப் பக்கத்தில் சீனர் பாணியில் புளிப்பும் இனிப்புமாக மீன், அதற்குப் பக்கத்தில் கேசரி. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

பெண்ணின் அப்பா மணியம் டயர் கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “என் கல்யாணத்துல இவருதான் பாட்டு. எஸ்டேட் திடல்ல மைக்கே இல்லாம கடைசி லயத்து வீடு வரைக்கும் கேட்டுச்சு. மகன்காரன் டிஜே போடணும்னு ஒத்தக் கால்ல நின்னான். நான் சொல்லிட்டேன், குணா பாடலன்னா விருந்தே இல்ல.” அந்தக் கல்யாணத்தில் பாடிய அதே பாட்டைத்தான் முதலில் கேட்டார்.

முன்னிசை வாசித்தேன். மாப்பிள்ளை உடைந்த ஸ்டாண்டைப் பற்றிக் கவலைப்படாமல் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பல்லவி சுமாராக வந்தது. சரணத்தில் மேலே ஏறும் இடம். குரல் ஏறவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு வெறும் காற்று. சேகர் சட்டென்று பேடில் ஓங்கித் தட்டி அதை மூடப் பார்த்தார். நான் இடையிசையை நீட்டினேன். இரண்டாவது சரணத்திலும் அதே இடத்தில் அதே காற்று.

“பாட்டுக்காரருக்குச் சூடா ஒரு கப் மைலோ குடுங்கலா!” என்று ஒரு மேசையிலிருந்து குரல் வந்தது. சிரிப்பு.

மாப்பிள்ளையும் சிரித்தார். “ஆயர் ஹித்தாம்ல மைக் ஸ்டாண்டு விழுந்துச்சு. தொண்டையும் கூடவே விழுந்துடுச்சு போல” என்றார் மைக்கில். கைதட்டினார்கள். அவர் கழுத்து வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

அடுத்த பாட்டில் அவர் சிரமப்படுவது தெரிந்ததும், பல்லவி முடியும் இடைவெளியில் பொத்தானை அழுத்தி அரைச் சுருதி இறக்கினேன். கச்சேரிகளில் இப்படிச் செய்வதுண்டு. போதவில்லை. அடுத்த இடைவெளியில் இன்னும் ஒன்று, அப்புறம் இன்னும் ஒன்று. நான்காவதில் குரல் போய் உட்கார்ந்தது. முழுமையாக, கனமாக, கேட்க நன்றாகவே இருந்தது. திரையைப் பார்த்தேன். மைனஸ் நான்கு. முந்தின நாள் சாயங்காலம் நான் அழித்த எண்.

தலையை நிமிர்த்தினேன். மாப்பிள்ளை பாடிக்கொண்டே திரும்பி, என் விரல் எந்தப் பொத்தானின் மேல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் திரைக்குப் போனது, என் முகத்துக்கு வந்தது. பாட்டை அப்படியே பாடி முடித்தார். முடிகிற வரைக்கும் கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை.

நாலாவது பாட்டுக்கு முன்பு மணியத்தின் மகன் வந்து, “அங்கிள், நீங்க ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லித் தன் கைப்பேசியை எங்கள் ஸ்பீக்கரில் இணைத்தான். உடனே எல்லோரும் எழுந்து ஆடினார்கள். மணியம் மட்டும் உட்கார்ந்து எங்களுக்குப் பிரியாணி வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். “பரவால்லலா குணா, நமக்கும் வயசாகுதுல்ல” என்று அவர் சொன்னதுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

இரவில் வேனில் திரும்பினோம். கதவை நான் கட்டியிருந்தேன்.

“நாலு இறக்கினப்புறம்தான் எப்பவும் போல வந்துச்சு. ரவி எவ்வளவு நாளா இறக்கி வச்சிருந்தான்?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. சும்மா கிடந்த எண்ணுன்னு நெனச்சு அழிச்சுட்டேன்.”

“சேகர்?”

“அலமாக், எனக்கு ஒன்னும் தெரியாது பாஸ். நான் தட்டறவன். தட்டறதுக்கு மேல் சுருதி ஏது, கீழ் சுருதி ஏது?”

“வசந்தாவுக்கு?”

நான் கதவுக் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தேன்.

சனிக்கிழமை. எழுந்து, மடித்து, குளித்து, மாத்திரை போட்டேன். சமையலறையில் வசந்தா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வெளியே வேன் கழுவினார். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

“நான்தான் ரவிகிட்ட சொன்னேண்ணே. போன வருஷம் தைப்பூசம் முடிஞ்சு ஒரு விருந்துல மேல எட்டலன்னு வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்துட்டாரு. ரெண்டு நாள் பேசல. கொஞ்சமா இறக்கி வை, அவருக்குத் தெரிய வேணாம்னு ரவிகிட்ட சொன்னேன். அடுத்த வாரம் பாடிட்டு வந்து, இன்னைக்குக் குரல் நல்லா இருந்துச்சு வசந்தான்னு சொல்லி ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் எப்படிண்ணே சொல்றது?”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“ஆன் பண்ணினாப் போதும், போட்டு வச்ச மாதிரியே வரும், வாசிக்கறவங்க விரலுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு ரவி சொன்னான். உள்ளூர் ஆளைக் கூப்பிட்டா ஊர் பூரா சொல்லிடுவான். உங்ககிட்ட சொன்னா நீங்க அவருகிட்ட கேப்பீங்க. உங்களுக்குத்தான் எதையும் கோணலா விட முடியாதே.” நெத்திலித் தலைகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். “அழிச்சுப்புடுவீங்கன்னு நெனக்கல.”

ரவிக்குப் போன் செய்தேன். மிகுந்த மரியாதையாகப் பேசினார். முதலில் ஒன்றுதான் இறக்கினாராம். தீபாவளிக்கு இரண்டு. இந்த வருடப் பொங்கலுக்கு மூன்று. ஜூன் முதல் நான்கு. “அஞ்சாவது வேணும்னு போன மாசமே தெரிஞ்சுது அண்ணே. நான் போடல. பயமா இருந்துச்சு.”

“டாக்டரைப் பாக்கச் சொன்னீங்களா?”

“சொன்னேண்ணே. பாட்டு நல்லாத்தானே வருது, எதுக்கு டாக்டர்ன்னு கேட்டாரு.”

போனை வைத்தேன். ஒவ்வொரு முறை குரல் இறங்கியபோதும் அவர் மேல் அன்புள்ள இரண்டு பேர் தரையையும் சேர்த்து இறக்கியிருக்கிறார்கள். ஆகவே அவருக்கு எதுவும் இறங்கியதாகவே தெரியவில்லை. ஒன்றரை வருடமாக இறங்கும் குரல் ஐஸ் தண்ணீரால் வருவதில்லை. அதை நான் வசந்தாவிடம் சொன்னேன். “தெரியும்ணே” என்றாள், மிக மெதுவாக.

மாப்பிள்ளையிடம் நானே போய் அந்த ஒன்றரை வருடக் கணக்கைச் சொல்லி, டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அவர் வேன் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “மொதல்ல இன்னைக்குக் கல்யாணத்தப் பாப்போம். ஒன்னு சொல்லிக்கறேன் மச்சான். இன்னைக்கு ஒரிஜினல் சுருதி. அரை இறங்கினாலும் மைக்க வச்சுட்டு இறங்கிடுவேன்.”

தெப்ராவிலேயே வரவேற்பு. எண்பது மேசைகளாவது இருக்கும். நான் பூஜ்யத்தில் வைத்தேன். முதல் பாட்டைச் சமாளித்தார், ஏற வேண்டிய இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி அவர்களைப் பாடவைத்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து சேகர் வயரைப் பிடித்து ஆட்டினார்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஓடிவந்து மைக்கை வாங்கினார். “சின்ன டெக்னிக்கல் பிரச்சினை மக்களே, கீபோர்டு கொஞ்சம் மக்கர் பண்ணுது!” எண்பது மேசைகளும் என் பக்கம் திரும்பின. மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. மறுத்து ஏதாவது சொல்ல அவருக்குக் குரலும் இல்லை.

கீழே இறங்கியபோது பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாள் என்னை நிறுத்தினார். “இந்தியாவுல இருந்து வந்தீங்களாமே. இந்த மாதிரி மெஷின் அங்க இல்ல போல. மனசுல வச்சுக்காதீங்க, சாப்டுட்டுப் போங்க.”

“ஆமாம்மா, புதுசு” என்றேன். பின்னால் ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கை நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை மெர்சிங். ஒரு கோயிலின் மதிய விருந்து. மாப்பிள்ளைக்குப் பேச்சு சுத்தமாக நின்றிருந்தது. கைப்பேசியில் தட்டச்சு செய்து காட்டினார்: “குளுவாங் ஊர்ப் பாடகன் தினேஷுக்குக் குடுத்துட்டேன்.” இங்கே குழுக்களுக்குள் அது வழக்கம். ஒருவருக்கு முடியாவிட்டால் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியை வேறொருவருக்குத் தள்ளிவிட வேண்டும், கேட்டவர்களை அம்போ என்று விடக் கூடாது. தினேஷிடம் ஸ்பீக்கர் கிடையாது, கைப்பேசியில் இசைத் தடம் மட்டும்தான். ஆகவே எங்கள் சாமான்களோடு நாங்களும் போனோம். போகவேண்டியதில்லை என்று வசந்தா கெஞ்சினாள். அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டார்.

கோத்தா திங்கி தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை, பாமாயில் மரம். தாமிரபரணிக்கரையில் பத்து கிலோமீட்டருக்குள் நெல், வாழை, வெற்றிலை என்று மூன்று வகைப் பச்சையைப் பார்த்துவிடலாம். இங்கே ஒரே பச்சை, கண் வலிக்கும்வரை.

தினேஷுக்கு முப்பதுகூட இருக்காது. நல்ல குரல், எனக்குக் கோபம் வருகிற அளவுக்கு நல்ல குரல். மாப்பிள்ளை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகையோடு உட்கார்ந்தார். பையன் மேலே ஏறும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மூச்சு முன்னதாகவே அவர் விரல் நகர்ந்து எதிரொலியைச் சேர்த்தது. எல்லாம் அவர் ஆயிரம் முறை ஏறிய படிகள். அந்தப் பையன் அன்றைக்குத் தன் தகுதிக்கும் மேலாகக் கேட்டான்.

முடிவில் தினேஷ் மைக்கில் சொன்னான்: “சவுண்டு சூப்பர்ல? நம்ம சவுண்டு அங்கிளுக்கு ஒரு கைதட்டல் குடுங்க!” கெட்ட எண்ணம் இல்லை, வாட்ஸப்பில் நிகழ்ச்சியைத் தந்த பாடகர் இவர்தான் என்று அவனுக்குத் தெரியாது. கைதட்டினார்கள். மாப்பிள்ளை பாதி எழுந்து, தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சேகர் சாமான் ஏற்ற, நாங்கள் இருவரும் படகுத்துறைக்கு நடந்தோம். தீவுக்குப் போகிறவர்கள் மிதவைச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். மீன் மாவை நீளமாக உருட்டிப் பொரித்துத் தந்தார்கள், கெரோப்போக் லெக்கோர். மாப்பிள்ளை ஒரு துண்டை மெல்லக் கடித்து, விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துப்பினார். என்னைப் பார்த்தார். இந்த முறை காரம் என்று சொல்லவில்லை. அதில் காரமே கிடையாது.

“நேத்து மேடையில நான் இறக்கியிருக்கணும்” என்றேன்.

தலையை ஆட்டி மறுத்தார். கைப்பேசியை எடுத்து எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். காட்டியபோது ஒரு வரிதான் இருந்தது: “நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லணும்.”

வீட்டுக்கு வந்ததும் வசந்தா அந்த வரியைப் படித்தாள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடையாள அட்டைகளை எடுத்து ஒரு பையில் வைத்தாள். அவருக்குக் கஞ்சி கரைத்தாள். அந்த வீட்டில் ஒருவர் பேச முடியாதபோது மற்றவர்களுக்கும் பேச வரவில்லை.

திங்கட்கிழமை. படுக்கையை மடிக்கவில்லை. மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டேன். இருட்டு விலகுவதற்கு முன்பே மூவரும் அரசாங்க கிளினிக் வாசலில் இருந்தோம். முன்னால் ஒரு சீனப் பாட்டியும், கைக்குழந்தையோடு ஒரு மலாய்ப் பெண்ணும். கதவு திறந்ததும் எண் வாங்கினோம். கவுண்டரில் இருந்த மிஸ்ஸி, இங்கே நர்சை அப்படித்தான் அழைக்கிறார்கள், பெயரைக் கேட்டு எழுதிவிட்டு மலாயில் அடுத்ததைக் கேட்டார். எத்தனை நாளாக இப்படி?

வசந்தா வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கவுண்டரின் மேல் குனிந்து, இருந்த காற்றையெல்லாம் சேர்த்து, அவரே சொன்னார். மிஸ்ஸிக்குக் கேட்கவில்லை. கண்ணாடியின் துவாரத்தில் காதை வைத்தார். மாப்பிள்ளை மறுபடி சொன்னார்.

“ஒன்றரை வருஷம்.”